தாள் எங்கே பெருகுகிறது? அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, நடுவில் காப்பீடு

உங்கள் கேள்வி இது: அப்பாவை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துப் போனீர்கள். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை வேண்டும், அதற்கு வருமானச் சான்று வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அரசே மருத்துவமனை நடத்துவதால்தான் இந்த இழுத்தடிப்பு என்பது உங்கள் முடிவு. எல்லாருக்கும் ஒரு காப்பீட்டு அட்டையைக் கொடுத்துவிட்டு, சிகிச்சையை முழுவதும் தனியாரிடம் விட்டுவிட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். பெற்றோருக்குத் தனியார் காப்பீடு எடுப்பதா என்பது கூடவே வந்த துணைக் கேள்வி.

நான் தனியார் மருத்துவமனைகளின் காப்பீட்டுப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். முன் அனுமதிக்கு விண்ணப்பிப்பது, காப்பீட்டு நிறுவனம் திருப்பிக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது, காலையிலேயே உடை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் மாலை ஆறு மணிக்கும் 'இன்னும் அப்ரூவல் வரவில்லை' என்று சொல்வது, இவைதான் என் தொழில். தனியாரில் தாள் தொல்லை, அதாவது படிவம், சான்று, கையெழுத்து என்ற அலைச்சல், கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

தாள் குறைவாக இருக்கும் இரண்டு இடங்களிலிருந்து தொடங்குகிறேன். ஒன்று, உங்கள் தெருமுனை டாக்டரின் கிளினிக். டோக்கன் வாங்கினால் முறை வந்ததும் உள்ளே போகலாம்; நாடி பார்த்து, மருந்துச் சீட்டு எழுதித் தருவார்; வெளியே வரும்போது கட்டணம். ஆதாரும் கேட்கமாட்டார்கள், வருமானமும் கேட்கமாட்டார்கள். இன்னொன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பிரிவு. பெயர், வயது, ஊர் சொன்னால் ஒரு சீட்டு. டாக்டர் எழுதியதை மருந்துக் கவுன்டரில் நீட்டினால் மாத்திரை. நீங்கள் ஏழையா வசதியானவரா, உள்ளூரா அசலூரா, ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரா என்ற பேச்சே அங்கே எழுவதில்லை. முதலாவது முழுக்கத் தனியார். இரண்டாவது முழுக்க அரசு. நோயாளி சுமக்கும் தாளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

முதல் இடத்தில் பணம் கொடுப்பவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது இடத்தில் பணம் பட்ஜெட்டிலேயே கொடுத்தாகிவிட்டது. 'இந்த நோயாளிக்கு யார் பணம் தருவது, எவ்வளவு, அவருக்கு அந்தத் தகுதி உண்டா' என்று கேட்கவேண்டிய அவசியம் இரண்டிலும் இல்லை. அந்தக் கேள்வியை ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கேட்க ஆரம்பிக்கும் இடத்தில்தான் தாள் முளைக்கிறது. கேட்பது அரசா தனியாரா என்பது இரண்டாம்பட்சம். நீங்கள் பட்ட அலைச்சலில் ஒரு பாதி இந்த வகையைச் சேர்ந்தது, மறுபாதி வேறு வகை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் தவறான மருந்தைத்தான் கேட்போம்.

வருமானச் சான்றை எடுத்துக்கொள்வோம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கியது, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடும் இணைந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு பிறகு 1,20,000 ஆக உயர்ந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. நோக்கம் நல்லது. இதய அறுவை சிகிச்சைக்கு நிலத்தை விற்ற குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களில் பலர் இந்த அட்டையால் தப்பினார்கள். ஆனால் திட்டத்தின் உடல் காப்பீட்டின் உடல். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மையத்தில் பதிவு, பிறகு மருத்துவமனையில் முன் அனுமதி, ஸ்கேன் படம், சிகிச்சை முடிந்ததற்கான ஆவணம், கடைசியாகச் சிகிச்சைச் செலவைக் கேட்கும் கோரிக்கைப் பட்டியல் (கிளெய்ம்). இவை எதுவும் நோயைக் குணப்படுத்துவதற்காக எழுதப்படுபவை அல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால் அரசு மருத்துவமனையும் இந்தத் திட்டத்தின் கீழ் 'கோரிக்கை' அனுப்பித் தொகை பெறுகிறது. அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டுகிறது. நிறுவனம் அதே அரசின் மருத்துவமனைக்குப் பணம் தருகிறது. சாதாரண வார்டில் அட்டை இல்லாமலே இலவசமாகப் படுத்திருக்கும் நோயாளியிடம், ஸ்டென்ட், செயற்கை மூட்டு என்று விலையுள்ள பொருள் தேவைப்படும்போது அட்டையைக் கேட்பது இதனால்தான். அந்தப் பொருளுக்கான காசு இந்தக் கணக்கிலிருந்து வரவேண்டும். மருத்துவமனைத் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது: இப்படி வரும் தொகை அவர்கள் கையில் நேரடியாகப் புழங்குவது, கருவி பழுதானால் கோட்டைக்கு எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு பங்கு ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையாகவும் போகிறது. ஆகவே இந்தத் தாள் அவர்களுக்குப் பயனுள்ள தாள். அதைச் சுமப்பது மட்டும் உங்கள் அப்பா.

தினக்கூலி வாங்கும் கொத்தனாருக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு என்று எந்த அலுவலர் உண்மையில் கணக்கிட முடியும்? மழைக்காலத்தில் வேலை இல்லை, முகூர்த்த மாதத்தில் ஆள் கிடைக்காது. சான்றில் எழுதப்படும் தொகை ஒரு சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்துக்காக நோயாளியின் மகன் ஒரு நாள் கூலியை இழக்கிறான்.

இதே அரசு, இதே தனியார் மருத்துவமனைகளை வைத்துக்கொண்டு வேறு மாதிரியும் செய்து காட்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தமிழ்நாட்டவர் ஆனாலும் வேற்று மாநிலத்தவர், வெளிநாட்டவர் ஆனாலும் சரி. வருமான வரம்பு கிடையாது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் அப்படியே. கணக்கு வழக்கு உண்டுதான், ஆனால் அது மருத்துவமனைக்கும் அரசுக்கும் நடுவில் நடக்கிறது. தகுதியைக் கேட்பதை நிறுத்தியதும் நோயாளியின் கையிலிருந்த தாள் காணாமல் போய்விட்டது.

இனி என் மேசைக்கு வாருங்கள். பணமில்லாச் சிகிச்சை, அதாவது பில்லைக் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டிவிடும் என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். பித்தப்பைக் கல்லுக்காகச் சேர்ந்த ஒரு பெரியவரின் கோப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முன் அனுமதி சிக்கலில்லாமல் வந்தது. அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த சர்ஜன் வீட்டுக்குப் போகலாம் என்றார். டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாகி, மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்பி, வார்டிலிருந்து 'பாக்கி இல்லை' என்று வந்து, பில் இறுதியாகி, காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் இடைநிலை நிறுவனமான டி.பி.ஏ.வுக்கு அனுப்பும்போது மதியமாகிவிட்டது. சிறிது நேரத்தில் கேள்வி வந்தது: நோயாளிக்கு எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்?

சேர்ந்த இரவு டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் 'சர்க்கரை, 10 ஆண்டு' என்று எழுதியிருந்தார். வலியில் துடிக்கும் பெரியவர் பதில் சொல்லவில்லை. பதற்றத்தில் இருந்த மருமகள் வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறார். பாலிசி எடுத்து நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது; விண்ணப்பத்தில் சர்க்கரை பற்றி எதுவும் இல்லை. நோயை மறைத்துப் பாலிசி எடுத்ததாக அர்த்தம். பித்தப்பைக் கல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று மகன் கத்தினார். நியாயமான கேள்விதான், ஆனால் அந்த மேசையில் அது செல்லாது. விளக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டிய சர்ஜன் அறுவை அரங்கில் இருந்தார். மகன் வீட்டுக்குப் போய் பீரோவைக் கலைத்து, பழைய பரிசோதனை அறிக்கை ஒன்றைக் கொண்டு வந்தார். பாலிசி எடுத்த ஆண்டு சர்க்கரை அளவு சரியாக இருந்தது அதில் தெரிந்தது. இரவு வெகுநேரம் கழித்து அனுமதி வந்தது. அந்த அறிக்கை பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தால் குடும்பம் முழுத் தொகையையும் கையிலிருந்து கட்டிவிட்டுத்தான் வெளியேறியிருக்கும்.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவர் தன் வேலையைச் செய்தார். பொய்க் கோரிக்கைகள் வருவதும் உண்மை. அமைப்பே அப்படி. மருத்துவமனையில் நம்பவைக்க ஓர் அலுவலகம், நிறுவனத்தில் சந்தேகப்பட ஓர் அலுவலகம். இரண்டுக்கும் சம்பளம் உங்கள் பிரீமியத்திலிருந்தும் பில்லிலிருந்தும் போகிறது. நான் வாங்கிய சம்பளமும் அதில் அடக்கம்.

எல்லாவற்றையும் காப்பீட்டிடம் விடுவது என்ற யோசனையை வெகுதூரம் கொண்டுபோன நாடு அமெரிக்கா. அங்கே ஏராளமான காப்பீட்டு நிறுவனங்கள்; ஒவ்வொன்றுக்கும் தனித் தனி விதி, தனிக் கட்டணம், தனி முன் அனுமதிப் படிவம். 2017-ஆம் ஆண்டின் கணக்கை வைத்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க மருத்துவச் செலவில் 34.2 சதவீதம் நிர்வாகத்துக்கே போகிறது என்று கண்டது. ஆளுக்கு 2,497 டாலர். பக்கத்துக் கனடாவில் அது 17 சதவீதம், ஆளுக்கு 551 டாலர். இதைக் காட்டி 'பார்த்தீர்களா, தனியார் என்றாலே தாள்' என்று சொல்லக் கிளம்புபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கனடாவின் டாக்டர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள் அல்லர்; சொந்தமாகத் தொழில் செய்பவர்கள். ஆனால் பில் அனுப்புவது ஒரே இடத்துக்கு, தங்கள் மாகாண அரசின் திட்டத்துக்கு. மாகாணத்தில் வசிப்பவர் என்றால் போதும், வேறு தகுதி கேட்பதில்லை. மருத்துவமனைகளுக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு மொத்தமாகத் தொகை. பஞ்சுக்கு ஒரு வரி, ஊசிக்கு ஒரு வரி என்று பில் போடும் வேலை இல்லை. தைவானும் இதே தடத்தில் போனது. 1995-ல் நாடு முழுவதற்கும் ஒரே காப்பீடு என்று ஆக்கினார்கள். மருத்துவமனைகளில் பெரும்பகுதி இன்றும் தனியார்தான். நோயாளி ஒரு சில்லு அட்டையை நீட்டினால் வேலை முடிந்தது.

எதிர்த் திசையில் இங்கிலாந்து. 1948 ஜூலை 5-ல் தொடங்கிய தேசிய சுகாதார சேவையில் மருத்துவமனை அரசுடையது, செலவும் வரிப்பணம். 1991-ல் அதற்குள் ஓர் 'உள்சந்தை'யைக் கொண்டு வந்தார்கள்: அரசின் ஒரு கை சிகிச்சையை 'வாங்கும்', இன்னொரு கை 'விற்கும்'. கட்டடமும் ஊழியர்களும் அப்படியே இருக்க, ஒப்பந்தம் எழுதுவோரும் விலை பேசுவோரும் கணக்குச் சரிபார்ப்போரும் பெருகினார்கள். ஒரு தனியார் முதலாளி கூட உள்ளே வராமலே தாள் வந்துவிட்டது. நம் அரசு மருத்துவமனையும் காப்பீட்டுக்குக் கோரிக்கை எழுதுவது இதற்குத் தூரத்து உறவு.

இனி மறுபாதி: வரிசை. நீங்கள் நின்ற நான்கு வரிசைகளில் சீட்டு வரிசையைத் தவிர மற்றவை தாளால் வந்தவை அல்ல. டாக்டர் குறைவு, லேப் டெக்னீஷியன் குறைவு, வருபவர்கள் அதிகம்; அவ்வளவுதான். விலை வைக்காத இடத்தில் நேரம்தான் விலை. தனியாரிலும் வரிசை உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது; கட்ட முடியாதவர் வாசலுக்கே வருவதில்லை. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்குப்படி, பிரசவம் நீங்கலாக ஒருமுறை உள்நோயாளியாகச் சேர்ந்தால் இந்திய அளவில் சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். ஒன்றுக்கு ஏழு. அந்த விலை வித்தியாசம்தான் தனியார் மருத்துவமனையின் வரவேற்பறையில் உங்களுக்குக் கிடைத்த காலி நாற்காலி. இங்கிலாந்திலும் அப்படியே: தாள் நோயாளியைத் தொடாது, காத்திருப்பு கொன்றுவிடும். 2023 செப்டம்பரில் அங்கே திட்டமிட்ட சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலில் சுமார் 78 லட்சம் பெயர்ப் பதிவுகள் இருந்தன. இலவசம் என்று சொல்லிவிட்டு ஆள் போடாமல் விட்டால் நடப்பது இது. இதற்கு மருந்து டாக்டரும் நர்ஸும் நியமிப்பது. காப்பீட்டு அட்டையால் ஒரு வரிசை கூடக் குறையாது.

அரசு மருத்துவமனையைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. அது மருத்துவமனை மட்டும் அல்ல, அரசாங்கத்தின் ஓர் அலுவலகமும்கூட. விபத்துப் பதிவேட்டில் ஏ.ஆர். என்ட்ரி போடுவது, பிரேதப் பரிசோதனை, காயச் சான்றிதழ், நீதிமன்றச் சம்மன் வந்தால் சாட்சி சொல்லப் போவது, மாற்றுத்திறனாளிச் சான்றுக்கான மதிப்பீடு, அரசு வேலைக்கு உடல் தகுதிச் சான்று எல்லாம் அங்கேதான் வந்து குவிகின்றன. உங்கள் அப்பா பார்க்க வேண்டிய எலும்பு டாக்டர் அன்று நீதிமன்றத்தில் காத்திருந்திருக்கலாம். தனியார் மருத்துவமனை இவற்றில் பெரும்பகுதியைத் தொடுவதே இல்லை. விபத்துக் கேஸ் என்றால் 'ஜி.எச்.சுக்குப் போங்கள்' என்று கைகாட்டும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு இரண்டின் வேகத்தையும் ஒப்பிடுவது எப்படி நியாயமாகும்?

ஊழியர்கள் பக்கம் பார்த்தால் அரசுத் துறையின் தாள் இன்னும் கனமானது, நமக்குத் தெரியாது என்பதால் நாம் பேசுவதில்லை. கிராம சுகாதார செவிலியர் ஒருவரைக் கேளுங்கள். கர்ப்பிணிப் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, பிறப்பு, இறப்பு. கையால் எழுதியதையே இரவில் வீட்டில் உட்கார்ந்து இணையத்திலும் ஏற்ற வேண்டும். கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்து வாங்கும் பிக்மி எண் இருந்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை வரும். 2017 அக்டோபரிலிருந்து குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்கிறார்கள். முழுக்கத் தனியார் மருத்துவமனையில் காட்டிப் பிரசவம் பார்த்துக்கொண்டவரும் அந்த எண்ணுக்காகச் செவிலியரைத் தேடி வரவேண்டியிருக்கிறது. நகரத்து அடுக்ககத்தில் வசிப்பவர் 'இதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்' என்று எரிச்சல்படுவார். ஆனால் தாய்சேய் மரணத்தைத் தமிழ்நாடு குறைத்ததில் ஒரு கர்ப்பிணி கூட விடுபடாத இந்தக் கணக்கெடுப்புக்குப் பங்கு உண்டு. பதிவேட்டின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஒரே தகவலை இரண்டு தடவை கேட்பதை நிறுத்தலாம். பதிவேட்டையே தூக்கி எறியச் சொல்ல நான் தயாராக இல்லை.

நல்ல தாள் என்றும் ஒன்று இருக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனையில் வாங்கிய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கும். 1994-க்கு முன்பு மருந்துக் கொள்முதல் அங்கங்கே நடந்தது; முறைகேடு, தட்டுப்பாடு, காலாவதி என்று எல்லா நோயும் இருந்தது. அந்த ஆண்டு கழகத்தை உருவாக்கி, மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், மாவட்டங்களில் கிடங்கு என்று மாற்றினார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் மாதிரி ஒரு பாஸ்புக். அதில் அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு இருக்கும், எடுக்க எடுக்கக் கழியும். வந்திறங்கும் மருந்தின் மாதிரி ஆய்வகத்துக்குப் போய், தரமானது என்று அறிக்கை வந்த பிறகே கிடங்கிலிருந்து வெளியே போகும். எத்தனை கையெழுத்து, எத்தனை பதிவு! ஆனால் மாத்திரை வாங்கும் பாட்டி இதில் ஒரு தாளையும் பார்க்கமாட்டார். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்களுக்கும் கழகம் அமைத்துக்கொண்டன.

அரசு மருத்துவமனைக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு, ஆண் குழந்தை என்று சொல்லக் காசு, பிணவறையில் காசு என்று கேட்கும் கைகள் இன்னும் இருக்கின்றன. எந்தப் படிவத்திலும் இல்லாத இந்தக் கட்டணம் ஏழைக்கு மிகவும் அவமானம் தருவது. எந்த அறைக்குப் போகவேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாமல், பக்கத்தில் நிற்கும் நோயாளியிடமே வழி கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு வரவேற்பு மேசையும் பொறுமையான ஓர் ஆளும் போதும், பாதிக் கோபம் அடங்கிவிடும். தனியார் அமைப்பு இதை எப்போதோ கண்டுகொண்டது. புன்னகையோடு வாங்கிக்கொள்ளும் ஆறு படிவங்கள் நமக்குத் தாளாகவே தெரிவதில்லை.

இப்போது உங்கள் துணைக் கேள்வி. பெற்றோருக்குத் தனியார் காப்பீடு எடுங்கள், பிரீமியம் தாங்கும் என்றால். ஆனால் அரசு அமைப்பைக் கைவிட்டுவிட்டு அல்ல. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையமே போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இந்தச் செலவை எந்தப் பணமில்லாக் காப்பீடும் சாதாரணமாக ஏற்காது.

பாலிசி எடுக்கும்போது இருக்கும் நோயை எல்லாம் எழுதிவிடுங்கள். ஏஜென்ட் 'அதெல்லாம் வேண்டாம் சார்' என்பார், கேட்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம் என்று 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்துவிட்டது. 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, நோயை மறைத்ததாகச் சொல்லிக் கோரிக்கையை மறுக்க முடியாது. அறை வாடகை வரம்பைக் கட்டாயம் பாருங்கள். 5 லட்ச ரூபாய் பாலிசியில் ஒரு சதவீத வரம்பு என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அறை. நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தால் மூவாயிரம் மட்டும் கைவிட்டுப் போகும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. டாக்டர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், நர்சிங் எல்லாவற்றையும் எட்டில் ஐந்து பங்கு என்று குறைத்துவிடுவார்கள். மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனை இவற்றில் அப்படிக் குறைக்கக் கூடாது என்பது விதி. பில்லை வரி வரியாகப் பார்த்துக் கேளுங்கள். கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம் போன்றவை பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

அந்த ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, முன் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் தரவேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். மேசையில் இருப்பவரிடம் இந்த விதியை அமைதியாக நினைவுபடுத்துங்கள். பில் எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மணிக் கணக்கு அங்கிருந்துதான் ஓடும், டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நேரத்திலிருந்து அல்ல. கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் ஏற்கும்படி இல்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான புகாரை ஏற்பார்கள். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஓராண்டுக்குள் போகவேண்டும்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை அவசரம் அல்ல என்பதால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. குடும்ப வருமானம் வரம்புக்குள் வரும் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்துவிடுங்கள். குடும்ப அட்டையில் அப்பாவின் பெயர் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள், பாதிப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவமனையில் காப்பீட்டுக்கென்று வார்டு மேலாளர் ஒருவர் இருப்பார், ஓ.பி. வரிசையில் நிற்பதற்கு முன் அவரைப் பார்த்து, எந்தெந்தத் தாள் வேண்டும் என்று ஒரே தடவையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை ஆண்டு வாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அரசு மருத்துவமனைக்கும் அதுதான் வேண்டும், தனியார் காப்பீட்டு மேசைக்கும் அதுதான் வேண்டும்.